சட்டென்று வளைந்துகொடுத்த அலுமினியம்

சைக்கிள் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "அண்ணா, ஒரு ஃபிக்ஸி கட்டணும். ஃப்ரேம் அலுமினியத்துல எடுக்கலாமா, ஸ்டீல்ல எடுக்கலாமா?" என்று ஒருவர் வந்து நின்றால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். பதில் உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முந்தின நாளே மொபைலில் பத்து வீடியோ பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். அலுமினியம் லேசு, விறைப்பு, துருப்பிடிக்காது. ஸ்டீல் கனம், ஆனால் மேடுபள்ளத்தில் உடம்பை அடிக்காது, வளைந்தால் நிமிர்த்தலாம், விட்டுப்போனால் பற்றவைக்கலாம். இதை ஒப்பிக்கத்தான் உங்களை வேலைக்கு எடுத்தார்கள் என்றால் முதலாளி ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

யார் ஓட்டப்போகிறார், எங்கே ஓட்டப்போகிறார் என்று கேளுங்கள். அதோடு நிறுத்தாமல், அடிபட்டால் வண்டி யார் கைக்குப் போகும் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை நானே வெகுகாலம் கேட்டதில்லை. பி.காம். முடித்துவிட்டு, தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சைக்கிள் கடையில் விற்பனைக்கு என்று சேர்ந்து, பிறகு சர்வீஸையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ரேவதி என்ற பெண்ணின் வண்டி.

அதற்கு முன்னால் ஃபிக்ஸி பற்றி நாலு வார்த்தை. உங்களில் சிலர் கணக்கு எழுத வந்தவர்கள், அவர்களுக்காக. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி தானே உருளும். ஃபிக்ஸியில் அது கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்கக் காலால்தான் பெடலை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். ரோட்டில் ஓட்டுகிறவர் முன்னால் ஒரு பிரேக்காவது வைத்துக்கொள்வார், வைத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் வைக்கச் சொல்ல வேண்டும். பந்தய வளையத்தில், அதாவது சைக்கிள் போட்டிக்கென்றே சிமெண்டில் சரிவாகக் கட்டிய சுற்றுப்பாதையில், பிரேக்கே இல்லை. சக்கரமும் சங்கிலியும் காலும் ஒன்றாகக் கட்டிப்போட்ட மாதிரி. பின்பக்கம் ஏதாவது உடைந்தால் காலை எடுத்துத் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

எங்கள் கடையின் தலைமை மெக்கானிக்கை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்தது முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தது. இரும்பு ஃப்ரேமை நிமிர்த்துவதில் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை அவருக்கு நிகரில்லை. ஆட்டோ இடித்து ஒரு பக்கம் சாய்ந்துபோன ஃப்ரேமைக் கொண்டுவருவார்கள். இரண்டு மரக்கட்டை, ஒரு நீளமான குழாய், தன் முழங்கால். இவ்வளவுதான் அவருடைய கருவி. நிமிர்த்திய பிறகு பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, முன்பக்கத் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபுறம் கட்டுவார். சீட்டைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் வண்டியை வெளியே விடுவார். பேச்சில் மட்டும் கொஞ்சம் கறார். என் கழுத்துப்பட்டையைப் பார்த்து, "டை கட்டிகினு பஞ்சர் ஒட்ட வந்துட்டாரு" என்று முதல் மாதம் முழுக்க ஓட்டினார்.

ரேவதியின் அம்மா மீன் விற்பவர். சொந்த ஊர் கோவளம் பக்கம், குடியிருப்பது இரும்புலியூரில். ரேவதி வண்டலூரைத் தாண்டிக் கேளம்பாக்கம் போகிற ரோட்டில் இருக்கும் பந்தய வளையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்நூறு மீட்டர், நின்ற இடத்திலிருந்து கிளம்பி, தனி ஆளாகக் கடிகாரத்தோடு போட்டி. அவளிடம் இருந்தது பழைய வீராங்கனை ஒருத்தியிடமிருந்து வாங்கிய வெள்ளை நிற அலுமினிய ஃப்ரேம். ஒரு விரலில் தூக்கிவிடலாம். மாநிலத் தேர்வு வரவிருந்தது. தேர்வானால் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, நல்ல கோச், கல்லூரிப் படிப்பு. அதை விட்டால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். பழைய பெடல், ஹேண்டில் பார் என்று வாரா வாரம் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவது என் பழக்கம். மத்தியானம் திரும்பி வந்தால் ரேவதியின் வண்டி கடையில் நிற்கிறது. காலையில் பயிற்சியில் வளைவில் சறுக்கி விழுந்திருக்கிறாள். அவளுக்குச் சிராய்ப்பு மட்டும். பின்சக்கரம் ஃப்ரேமில் உரச ஆரம்பித்திருக்கிறது. கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை.

சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். நட்டநடுவில் ஓடியது. கொஞ்சம்கூட உரசல் இல்லை. அப்படியென்றால் யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள்.

"மேஸ்திரி, ரேவதி வண்டில என்ன பண்ணீங்க?"

"பின்னால ஒரு பக்கமா வாங்கினு இருந்துச்சு. நிமித்திட்டேன். நூல் புட்ச்சிப் பாரு, அப்டியே கீது. காசு இன்னாத்துக்கு, நம்ம பொண்ணு."

"அது அலுமினியம், மேஸ்திரி."

"தெரியும்பா. காந்தம் ஒட்டாதது கூடவா எனக்குத் தெரியாது?"

இது எங்கள் தலைமுறை மெக்கானிக்குகள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. இன்றைக்கு வேலைக்கு வரும் உங்களில் யாருக்கும் ஃப்ரேமை முழங்காலில் வைத்து நிமிர்த்தத் தெரியாது, அதனால் செய்யவும் மாட்டீர்கள். கை நிறைய வித்தை இருப்பவர்தான் இதில் மாட்டுவார். இரும்பு வளைத்தால் வளையும், நிமிர்த்தினால் நிமிரும், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் உழைக்கும். அலுமினியம் ஒரு தடவை வளைந்து நிமிர்ந்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில காலம் முன்பு வேளச்சேரியிலிருந்து ஒரு ஐ.டி. பையன் தன் அலுமினிய ஃப்ரேமை இரண்டு கையிலும் ஒவ்வொரு துண்டாகப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தான். எங்கும் ஒரு வளைவு இல்லை, பிஸ்கட் மாதிரி இரண்டாகியிருந்தது. சிக்னலில் மெதுவாகக் கிளம்பும்போது உடைந்ததால் பிழைத்தான். அன்று அதைப் பார்த்து மேஸ்திரியும் சிரித்தார், நானும் சிரித்தேன். எதனால் உடைந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

வெல்டிங் இருந்த இடமெல்லாம் மண்ணெண்ணெய் தடவினேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவினேன். முடியளவு விரிசல் இருந்தாலும் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். இது மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்த பரீட்சைதான். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கோடு வரவில்லை.

"பாத்துகினியா?" என்றார் மேஸ்திரி. குரலில் கொஞ்சம் கோபம், கொஞ்சம் நிம்மதி.

அத்தோடு விட்டிருக்கலாம். பரீட்சை பண்ணியாகிவிட்டது, விரிசல் இல்லை, வண்டி நேராக ஓடுகிறது. எந்தக் கடையிலும் இதற்கு மேல் செய்ய மாட்டார்கள். ஆனால் பெயிண்டுக்கு அடியில் இருப்பதைச் சாக்பீஸ் காட்டாது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தாலும் இன்றைக்கு இல்லாத விரிசல் ஞாயிற்றுக்கிழமை வராது என்று அர்த்தமில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த முதல் சில மிதியில்தான் பின்பக்கக் குழாய்களுக்கு முழுப் பாரமும் விழும். பார்க்கக்கூடியது எல்லாம் பார்த்தாயிற்று என்றால், தொட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

"மேஸ்திரி, நிமித்தும்போது கைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்தார்.

"இரும்புன்னா கொஞ்சம் கொஞ்சமா வரும்பா," என்றார். "இது வர்ல. முரண்டு புட்சிகினே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் அமுக்குனேன். சட்டுனு குடுத்துச்சு."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. அப்படிச் சட்டென்று கொடுத்தால் உள்ளே எங்கோ விட்டுப்போயிருக்கலாம். எத்தனையோ ஃப்ரேம் பார்த்த கை அது, அது சொன்னதை அவரே அப்போதுதான் கேட்டார்.

"நீயே சொல்லிடு அந்தப் பொண்ணாண்ட," என்றார். "எனக்கு வாய் வராது."

ஆனால் சாயங்காலம் ரேவதியும் அவள் அம்மாவும் படி ஏறியதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மேஸ்திரிதான் எழுந்து நின்றார். "பாப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணேன்," என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார். விற்பனையாளர்கள் நிற்கிறார்கள், இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், முதலாளி கல்லாவில் இருக்கிறார். மனிதர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு மடங்கானது.

ரேவதி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேராத்தான ஓடுது?" என்றாள்.

"ஓடுது," என்றேன்.

"அப்ப நான் இதுலயே ஓட்டிக்கிறேன். ஒரே ஒரு ரேஸ், அண்ணா. அப்புறம் இத்தத் தூக்கிக்கூடப் போட்டுடலாம்."

அவள் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இன்னா சார், நாளான்னைக்குப் போட்டிய வச்சிகினு இப்ப வந்து சொல்றீங்க! இத்தினி மாசமா புள்ள விடியறதுக்குள்ள எழுந்து ஓடுது. இந்தா, ஒரே வார்த்தை சொல்லு. ஒடையுமா, ஒடையாதா?"

இந்த இடத்தை நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் சந்திப்பீர்கள். "உடையும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாருக்கும் வேலை சுலபம். அம்மாவே மகளை அதில் ஏறவிட மாட்டார், ரேவதியும் மறுபேச்சு பேச மாட்டாள், எனக்கும் மேஸ்திரிக்கும் பாரம் இறங்கிவிடும். நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்று மனசும் தள்ளிவிட்டது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியாதும்மா," என்றேன். "உடையும்னும் சொல்ல முடியாது, உடையாதுன்னும் சொல்ல முடியாது. உடைஞ்சா கால் பெடல்ல மாட்டிக்கும், விழறது சிமெண்ட் தரை. என் பொறுப்புல இதை நான் குடுக்க மாட்டேன். ஆனா வண்டி ரேவதியோடது. முடிவும் அவளோடது."

"தெரியாதுன்னா எதுக்கு கட வச்சிகினு கீறீங்க?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

கடையின் பின்சுவரில் ஒரு நீல நிற ஸ்டீல் ஃப்ரேம் வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிக்ஸிக்கு என்றே செய்தது, நல்ல ஸ்டீல், ஆனால் கனம் என்று சொல்லி ஒருவரும் தொடவில்லை. மேஸ்திரி அதை இறக்கித் துடைத்து அவள் முன்னால் வைத்தார். ரேவதி ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியது. "இத்த வச்சிகினு நான் எப்டி ஜெயிக்கறது?"

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாரும் எடையைப் பற்றியே பேசுவார்கள். ஓட்டுகிறவரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிதில்லை. உண்மையான நஷ்டம் அளவில் இருக்கிறது. நீல ஃப்ரேம் அவளுக்குச் சற்று நீளம். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. பல மாதமாக ஒரு அளவுக்குப் பழகிய உடம்பு, வேறு அளவில் உட்கார்ந்தால் முதல் மிதியிலேயே தடுமாறும். அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். எடை உன்னைத் தோற்கடிக்காது, பழக்கம் இல்லாதது தோற்கடிக்கலாம் என்றேன்.

ரேவதி வெள்ளை வண்டியின் பின்சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டுப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "நீங்க ஓட்டுவீங்களா, இந்த வெள்ள வண்டிய?" என்று கேட்டாள்.

"மாட்டேன், பாப்பா."

"சரி, மாத்திக் குடுங்க," என்றாள்.

சக்கரம், பெடல், சங்கிலி எல்லாவற்றையும் மேஸ்திரி அங்கேயே மாற்றினார். சனிக்கிழமை முழுவதும் அவர் கடையில் இல்லை. ரேவதி வளையத்தில் சுற்றிச் சுற்றி வர, அவர் ஓரத்தில் உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளுவதும், ஹேண்டில் பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு, நான் சந்தையில் பொறுக்கிய குட்டையான ஒன்றை மாட்டி, பாரைக் கிட்டே கொண்டுவருவதுமாக இருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் இறங்கி, "இன்னும் எட்டல" என்பாள். இவர் மறுபடி ஸ்பேனரை எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். போதகர் பிறகு ஒரு மாதம் அதைக் குத்திக்காட்டினார். ரேவதி நன்றாகத்தான் ஓட்டினாள். கிளம்பும்போது மட்டும் ஒரு மிதியில் முன்சக்கரம் கொஞ்சம் அலைந்தது. அவ்வளவுதான், வேறு ஒரு குறையும் சொல்ல முடியாது. தேர்வானவர்களுக்கு அடுத்த இடம் அவளுக்கு. அடுத்த இடத்துக்கு விடுதியில் கட்டில் கிடையாது.

அவள் அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "அந்த ஒரு மிதி, சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி வளையத்தின் வெளிச்சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ரேவதி கடைக்கு வந்தாள். வெள்ளை ஃப்ரேம் மூலையில் கிடந்தது. "அறுத்துப் பாத்துடலாம், அண்ணா. இல்லன்னா நெனச்சுகினே இருப்பேன்," என்றாள். நான் தயங்கினேன். மேஸ்திரி தயங்கவில்லை. ஆக்சா பிளேடை எடுத்தார். முதலில் பெயிண்டை முழுக்கச் சுரண்டினார். பிறகு வளைந்திருந்த குழாயை வெல்டிங்குக்குப் பக்கத்தில் அறுத்தார், நடுவில் அறுத்தார், நீளவாக்கில் பிளந்தார். மறுபக்கக் குழாயையும் அப்படியே செய்தார். நான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"விரிசல் இல்ல, பாப்பா," என்றார் மேஸ்திரி. தன் கை ஜெயித்துவிட்டது என்ற சந்தோஷம் அந்தக் குரலில் எள்ளளவும் இல்லை. துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ரேவதி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் இதுலயே ஓட்டியிருக்கலாம்."

"ஓட்டியிருக்கலாம்," என்றேன்.

விரிசல் இல்லாவிட்டாலும் உலோகம் பலவீனப்பட்டிருக்கலாம் என்று விளக்க எனக்குத் தெரியும். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாகத்தான் இருக்கும். அதனால் சொல்லவில்லை. அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு எங்கம்மா கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல?" என்றாள்.

"ஆமா."

"ஒடையும்னு சொல்லியிருந்தீங்கன்னா, இப்ப இந்தத் துண்ட உங்க மூஞ்சிமேல விட்டெறிஞ்சிட்டுப் போயிருப்பேன்."

துண்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, "ஹேண்டில் பார் இன்னும் கொஞ்சம் தூரமாத்தான் கீது, மேஸ்திரி. அடுத்த வருஷம் வரைக்கும் அந்த நீல வண்டிலதான ஓட்டணும், சரியா வச்சிக் குடுங்க," என்றாள். மேஸ்திரி எழுந்தார். ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.